எந்த வயதுக் கோழியில் தொடங்குவது? குமரி மாவட்ட வீட்டு விளைகளுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டைச் சுற்றியுள்ள தோட்டமான விளையில் பத்துக் கோழி வளர்க்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் இனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாட்டுக்கோழியா, வனராஜாவா, கிராமப்பிரியாவா, நந்தனம் கோழியா என்ற பேச்சு பல நாள் நடக்கும். கூடு கட்டி முடித்துப் பணத்தோடு புறப்படும் வேளையில்தான் இரண்டாவது கேள்வி வருகிறது. ஒரு நாள் குஞ்சு வாங்குவதா, ஒரு மாதம் வளர்ந்த குஞ்சு வாங்குவதா, முட்டையிடப் போகும் விடைக்கோழியாகவே வாங்கிவிடுவதா, சந்தைக்குப் போய்த் தாய்க்கோழி பிடித்து வருவதா? திருவட்டாறு பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இதைக் கேட்டவர்கள் பலர். இனத்தில் தவறு நேர்ந்தால் முட்டை சற்றுக் குறையும். வயதில் தவறு நேர்ந்தால் இரண்டே மாதத்தில் கூடு காலியாகிவிடும். அப்படிக் காலியான கூட்டுக்குள் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று உண்டு.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

கோழியின் வாழ்நாளில் ஆபத்து மிகுந்தது முதல் எட்டு வாரம். அதிலும் முதல் நான்கு வாரம். நீங்கள் எந்த வயதுக் கோழியை வாங்கினாலும் அந்த எட்டு வாரத்தை யாரோ ஒருவர் கடத்திக் கொடுத்தாக வேண்டும். விற்பவர் கடத்தியிருந்தால் அதற்கான கூலி விலையிலேயே சேர்ந்திருக்கும். நீங்களே கடத்துவதானால் அந்தக் கூலியை மின்சாரமாகவும் தீனியாகவும் இழந்த உறக்கமாகவும் செலுத்துவீர்கள். ஆகவே ஒரு குஞ்சின் விலைக்கும் ஒரு விடைக்கோழியின் விலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்த்து, எது மலிவு என்று சொல்லிவிட முடியாது.

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். முதலாவது சூடு: இறகு முளைக்கும் வரை குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க உங்கள் வீட்டில் ஆளும் வசதியும் உண்டா? இரண்டாவது தடுப்பூசி: எத்தனை ஊசிகள் போட்டு முடிந்தன, எத்தனை உங்கள் பொறுப்பில் மீதி இருக்கின்றன? மூன்றாவது, வாங்குவதில் எத்தனை பெட்டை, எத்தனை சேவல் என்பது தெரியுமா? நான்காவது, முதல் முட்டை வரை எவ்வளவு தீனி ஆகும்? ஐந்தாவது கேள்வியை வெளியூர்க் கையேடுகள் எழுப்புவதில்லை, நம் மாவட்டத்திலோ அதுதான் பெரியது: அந்த ஆபத்தான வாரங்கள் மழையில் விழுமா, வெயிலில் விழுமா? தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். நமக்கோ வைகாசிக் கடைசியில் தொடங்கும் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் தரை நன்றாகக் காய்ந்திருப்பதே ஆண்டில் சில மாதங்கள்தாம். ஈரத் தரையும் இளங்குஞ்சும் சேர்ந்த இடத்தில் இரத்தக்கழிச்சல் வராமல் இருப்பது அரிது.

ஒரு நாள் குஞ்சு

கையில் எடுத்தால் வேறு எதையும் வாங்க மனம் வராது. விலையும் மிகக் குறைவு. பொரித்தவுடன் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் உயிர் வாழும் என்பதால், தொலைவிலுள்ள பொரிப்பகங்களிலிருந்தும் அட்டைப் பெட்டியில் பத்திரமாக வந்து சேரும். விரும்பிய இனத்தையும் எண்ணிக்கையையும் சொல்லிவைத்துப் பெறுவதற்கு இதைவிட நல்ல வயது இல்லை. சிறு வயதிலேயே உங்கள் கையில் தின்று வளர்வதால் அந்தியில் தானாகவே கூட்டுக்கு வரும் பழக்கமும் எளிதில் படிந்துவிடும்.

இனி அதன் கண்ணுக்குத் தெரியாத செலவுகளுக்கு வருகிறேன். முதல் வாரத்தில் குஞ்சின் உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். நம் ஊர்ப் பகல் இதில் பாதி வேலையைச் செய்துவிடும். இரவும் மழை நாளும்தாம் சிக்கல். குண்டு பல்பு என்றால் ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கிட்டு மாட்டுவது வழக்கம். இப்போது கடைகளில் எளிதாகக் கிடைப்பது எல்.இ.டி. பல்பு, அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குத் தேவையான சூட்டைத் தராது. இதை அறியாமல் எல்.இ.டி. விளக்கை மாட்டிவிட்டு, விடியும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும் குஞ்சுகளைக் கண்டு கலங்கியவர்களை நான் அறிவேன். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரியான அளவு.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே விடை இல்லாதவர் ஒரு நாள் குஞ்சு வாங்கக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது என்னிடம் ஒன்பது நாள் வயதில் இருபத்தைந்து குஞ்சுகள் இருந்தன. ரப்பர் மரங்கள் மின்கம்பிகளின் மேல் முறிந்து விழுந்து, எங்கள் தெருவுக்குப் பல நாள் மின்சாரம் வரவில்லை. முதல் இரவில் வெந்நீர்ப் பாட்டில்களைப் பழைய கைலியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். விடிவதற்குள் பதினொன்று போயின. மறுநாள் மாமியார்தான் வழி சொன்னார். மண்சட்டியில் சிரட்டைக் கரியைக் கனலவைத்து, மேலே மண் ஓடு ஒன்றைக் கவிழ்த்து, புகையும் நச்சுக்காற்றும் வெளியேறும்படி கூட்டின் மேற்பக்கத்தைத் திறந்துவைத்து, இரவெல்லாம் மாறி மாறிக் காவல் இருந்தோம். மீதி பதினான்கும் பிழைத்தன. அந்த இழப்பு புயலால் வந்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் குஞ்சு இறக்கியது என் தவறு.

தடுப்பூசிக் கணக்கும் கவனிக்கத்தக்கது. வெள்ளைக்கழிச்சலுக்கு ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கான (குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் தொற்று) மருந்து, நான்காம் வாரத்தையொட்டி மறுபடியும் வெள்ளைக்கழிச்சல் சொட்டு, எட்டாம் வாரத்தில் அதே வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கைக்கடியில் தோலில் ஊசி என்று வரிசையாக வரும். இந்த மருந்துப் புட்டிகள் நூறு குஞ்சு, இருநூறு குஞ்சு என்ற அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கடையிலிருந்து வீடு வரை பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பத்துக் குஞ்சு வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் தொண்ணூறு குஞ்சுக்கான மருந்தைக் கொட்டிவிடுவார். தெருவில் நான்கைந்து வீட்டார் ஒரே நாளில் குஞ்சு இறக்கி மருந்தைப் பங்கிட்டுக்கொண்டால் இந்தச் சுமை குறையும். பங்கிட ஆள் இல்லாதவர்கள் செலவைப் பார்த்து ஊசியையே விட்டுவிடுகிறார்கள். அடுத்த கழிச்சல் அலையில் கூடு காலியாவது இப்படித்தான்.

சேவல், பெட்டை பிரிக்காத குஞ்சில் ஏறத்தாழப் பாதி சேவலாக இருக்கும். ஐந்து பெட்டை வேண்டுமென்றால் பத்துக்கு மேல் வாங்க வேண்டும். சேவல்களின் தீனியை வீண் என்று நான் சொல்லமாட்டேன்; கிறிஸ்துமஸுக்கும் கோவில் கொடை விழாவுக்கும் நாட்டுச் சேவலுக்கு நம் மாவட்டத்தில் நல்ல விலை உண்டு. ஆனால் முட்டையை மட்டும் நாடுபவருக்கு அது காத்திருக்க வேண்டிய பணம். முதல் முட்டைக்கும் பொறுமை வேண்டும்: வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் ஐந்தரை, ஆறு மாதத்திலும், நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதத்திலும் முட்டைக்கு வரும்.

தெருவில் சாயம் பூசி விற்கும் வண்ணக் குஞ்சுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவை பெரும்பாலும் முட்டையினப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். குழந்தை கேட்கிறது என்று வாங்கி, அவற்றைக் கொண்டு முட்டைக்குக் கோழி வளர்க்கத் தொடங்க முடியாது.

ஒரு மாதக் குஞ்சு

நான்கு முதல் ஆறு வாரம் வரை வளர்த்து விற்கப்படும் குஞ்சு இது. இறகு மூடியிருக்கும், நம் ஊர்க் குளிருக்கு விளக்கு வேண்டாம், மழை இரவில் ஒரு சாக்குப் படுதா போதும். முதல் மூன்று தடுப்பு மருந்துகள் முடிந்திருக்க வேண்டும். ஆறு வாரத்தை நெருங்கினால் கொண்டையின் நிறத்தையும் காலின் தடிமனையும் பார்த்துப் பழகிய கண் சேவலைப் பிரித்துவிடும்; விற்பவரும் பெட்டையைத் தனியே தருவதற்கு ஓரளவு உடன்படுவார்.

தீனிக் கணக்கிலும் இது நடுவில் நிற்கிறது. முட்டையினக் குஞ்சு ஒன்று முதல் மாதத்தில் முக்கால் கிலோ அளவுக்குத்தான் தின்னும். முட்டைக்கு வரும்வரை ஆறு, ஏழு கிலோ ஆகிவிடும். அதாவது தீனிச் செலவின் பெரும்பகுதி இன்னும் உங்கள் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியில்தான் விளை உங்களுக்கு உதவும். எட்டு வாரம் கடந்த கோழி தவிடு, குறுணை, கஞ்சிச் சோறு, கரையான், புல், புழு என்று பாதிக்கு மேல் தானே தேடிக்கொள்ளும். பழைய பானையில் ஈரச் சாக்கையும் கதம்பையையும் (தேங்காய் மட்டை) சாணத்தோடு திணித்து, கரையான் புற்றருகில் இரவு கவிழ்த்துவைத்தால் காலையில் அதில் ஏறியிருக்கும் கரையான் இளங்கோழிக்கு நல்ல புரதம். விளக்கு வேண்டிய மாதத்தை விற்பவர் சுமக்கிறார், விளை தரும் மாதங்கள் உங்களிடம் இருக்கின்றன என்பதே இந்த வயதை நான் விரும்புவதற்குக் காரணம்.

இதன் குறை நம்பகத்தன்மையில் இருக்கிறது. ஒரு நாள் குஞ்சுக்குக் கடந்த காலம் இல்லை. ஒரு மாதக் குஞ்சுக்கு உண்டு, அதை நீங்கள் பார்த்ததில்லை. நெருக்கமாக வளர்த்த கூட்டிலிருந்து வந்த குஞ்சு, பார்வைக்குத் துடிப்பாக இருந்தாலும், இரத்தக்கழிச்சலுக்கான கிருமியைக் குடலில் சுமந்து வந்து, இடம் மாறிய அலைச்சலில் நோயாகக் காட்டும். எனவே பெட்டியில் ஏற்றும் முன் தடுப்பு மருந்து கொடுத்த தேதிகளை எழுதி வாங்குங்கள். தேதி சொல்லத் தயங்குபவரிடம், விலை எவ்வளவு குறைவானாலும், வாங்காதீர்கள். ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருப்பது, இறக்கை தொங்குவது, மூச்சில் கரகரப்பு ஆகியவற்றில் ஒன்று ஒரே ஒரு குஞ்சில் தெரிந்தாலும் அந்தக் கூட்டத்தையே விட்டுவிடுவது நல்லது. எட்டாம் வார ஊசி மட்டும் உங்கள் பொறுப்பு.

பகையும் இந்த வயதில் அதிகம். தாயின் இறக்கைக்கடியில் வளராத குஞ்சுக்குப் பருந்தைக் கண்டு பதுங்கத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கீரியும் மரநாயும். கடலோரத்தில் செம்பருந்தும் காகமும். வந்த முதல் மூன்று வாரம் வலையடித்த அடைப்புக்குள்தான் விட வேண்டும். வாழைமூட்டுக்கும் மரச்சீனி (மரவள்ளி) தோட்டத்துக்கும் திறந்துவிடுவது அதன்பிறகே.

முட்டைக்கு நிற்கும் விடைக்கோழி

பதினாறு முதல் இருபது வாரம் வளர்ந்த பெட்டை. விலை அதிகம், ஆனால் அந்த விலையை ஆறு கிலோ தீனி, எல்லாத் தடுப்பூசிகள், செத்துப்போன கூட்டாளிகளின் இழப்பு, சேவலைக் கழித்த உழைப்பு ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள். பல சமயம் அது நியாயமாகவே தோன்றும். ஓரிரு மாதத்தில் முட்டை கிடைத்துவிடும். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், அதிகாலை நான்கு மணிக்கே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடும் குடும்பத்துக்கும் இதைத்தான் சொல்லுவேன்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கூண்டுக்காக வளர்க்கப்பட்ட முட்டையினக் கோழியின் அலகு நுனி வெட்டப்பட்டிருக்கும். அது மண்ணைக் கிளறிப் புழு பொறுக்குவதில் நாட்டுக்கோழிக்கு ஈடாகாது, மரக்கொம்பில் ஏறி அடையவும் தெரியாது, நாய் வந்தால் ஓடவும் தெரியாது. நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் கடைத்தீனி கேட்கும். இத்தகைய கோழி அடைக்கும் படுக்காது என்பதால் ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடியும் விலைகொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது, வயதைப் பற்றிய பொய். முட்டையிட்டு ஓய்ந்த கோழியை விடைக்கோழி என்று விற்பது உண்டு. விடையின் கால் செதில் வழுவழுப்பாக இருக்கும். நெஞ்செலும்பின் பின்முனை அழுத்தினால் சற்று வளையும். கொண்டை இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கும். முட்டைத்தீனியை முதல் முட்டைக்கு வெகு முன்னரே போட வேண்டாம். அதிலுள்ள மிகுந்த சுண்ணாம்புச் சத்து இளங்கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சந்தையில் வாங்கும் தாய்க்கோழி

வடசேரியிலோ மார்த்தாண்டம் தொடுவெட்டியிலோ கால் கட்டி வைத்திருக்கும் கோழியைப் பார்த்ததும், நாளையே முட்டை கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. இடம் மாறிய கோழி இரண்டு மூன்று வாரம் முட்டையை நிறுத்திவிடும். அதைவிட முக்கியமானது, நன்றாக முட்டையிடும் கோழியை எந்த வீட்டுக்காரியும் எளிதில் சந்தைக்கு அனுப்பமாட்டாள் என்பது. பல ஊர்க் கோழிகள் கலக்கும் இடமாதலால் நோய் பரவுவதற்கும் அதுவே வாசல். இப்படி வாங்குவதானால் மூன்று வாரம் தனியே, வேறு கூட்டில், வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு வையுங்கள். ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டில் இந்த மூன்று வாரத்தைத் தவிர்த்ததால் இருந்ததையும் இழந்தவர்கள் உண்டு.

பழக்கமான வீட்டிலிருந்து, தாயும் அதன் குஞ்சுகளுமாக வாங்குவது முற்றிலும் வேறு கதை. சூடும் காவலும் தாயே பார்த்துக்கொள்ளும். பருந்தைக் கண்டு எழுப்பும் குரலைக் குஞ்சுகளுக்குக் கற்றுக்கொடுக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் வயது ஒப்பீட்டையே ஒதுக்கிவைத்துவிட்டு வாங்கிவிடலாம்.

அடை வைப்பது

உங்களிடமோ அண்டை வீட்டிலோ அடைக்கோழி இருந்தால் பத்து, பன்னிரண்டு முட்டை வைத்து 21 நாளில் பொரிக்கவைப்பதுதான் மிகக் குறைந்த செலவு. முட்டை ஒரு வாரத்துக்கு மேற்படாததாகவும் குளிர்பெட்டியில் வைக்காததாகவும் இருக்க வேண்டும். பொரிப்பகக் குஞ்சையும் வந்த முதல் ஓரிரு நாளுக்குள், இருட்டிய பிறகு, அடைக்கோழியின் கீழ் மெதுவாகத் தள்ளிவிடலாம். பெரும்பாலான நாட்டுக்கோழிகள் ஏற்றுக்கொள்ளும். இடிக்குப் பயந்து முட்டையோடு இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் வைக்கும் பழக்கத்தை என் மாமியார் இன்றும் விடவில்லை, நானும் தடுப்பதில்லை.

| | ஒரு நாள் குஞ்சு | ஒரு மாதக் குஞ்சு | விடைக்கோழி | சந்தைத் தாய்க்கோழி |
|---|---|---|---|---|
| சூடு | 3–4 வாரம் கட்டாயம் | மழை இரவில் மறைப்பு மட்டும் | வேண்டாம் | வேண்டாம் |
| மீதமுள்ள தடுப்பூசி | ஏறத்தாழ எல்லாம் | எட்டாம் வார ஊசி | கேட்டு உறுதி செய்க | தெரியாது என்றே கொள்க |
| சேவல், பெட்டை | பாதிக்குப் பாதி | ஓரளவு தெரியும் | தெளிவு | தெளிவு |
| முதல் முட்டைக்கு | 5½–7 மாதம் | 4½–6 மாதம் | 1–2 மாதம் | 2–3 வாரத்துக்குப் பின் |
| பெரிய ஆபத்து | மின்தடை, குளிர் | மறைந்திருக்கும் நோய், பருந்து | வயதில் பொய் | தொற்று |

எந்த வீட்டுக்கு எது

முதன்முறையாகத் தொடங்கும் பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை ஒரு மாதக் குஞ்சு, அதுவும் தை பிறப்பதையொட்டி. காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்தில் முப்பது நாள் குஞ்சை இறக்கினால் பிப்ரவரி தொடக்கத்தில் அதற்கு எட்டு வாரம் நிறையும். கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக நடத்தும் இலவசக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாம் வழக்கமாகப் பிப்ரவரியில்தான் வரும். உங்கள் பொறுப்பில் மீதியிருந்த ஒரே ஊசியும் செலவின்றி முடியும். மாசி, பங்குனி, சித்திரை என்று காய்ந்த தரையில் வளர்ந்து, ஜூனில் மழை இறங்கும்போது அது ஆறு மாதக் கோழி. ஈரத்தைத் தாங்கும் வயது, முட்டைக்கும் வரும் வயது. இதே ஜனவரியில் ஒரு நாள் குஞ்சு இறக்கினால் முகாம் நாளில் ஊசி போடும் வயது வந்திருக்காது. எட்டாம் வாரத்தில் நீங்களே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது முடியாத வேலை அல்ல, மறந்துபோகும் வேலை.

ஆனாலும் விளைக்கு விளை நிலை வேறு. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் மணல் தரை சீக்கிரம் உலர்வதாலும் மீன் கழிவு கிடைப்பதாலும் ஒரு நாள் குஞ்சைக்கூட நன்றாகத் தேற்றிவிடலாம். மேலே வலை கட்டுவதில் மட்டும் சுணங்கக் கூடாது. முட்டைக்கு வந்தபின் மீனைக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் முட்டையில் வாடை ஏறும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் மழையைவிடக் காற்றே குஞ்சுக்குப் பகை. கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் அங்கே விளக்குச் சூடு நிற்காது, எனவே இறகு மூடிய குஞ்சே பாதுகாப்பானது. மேற்கே ரப்பர்ப் பகுதியில் ஜூனுக்குப் பிறகு தொடங்கியே ஆக வேண்டுமென்றால் குஞ்சு வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய பலகைக் கூட்டில் விடைக்கோழியாக இறக்குங்கள்.

ஏற்கெனவே கோழி உள்ள வீட்டில் பல வயதைக் கலக்காதீர்கள். பெரியவை கொத்தும் என்பதோடு, அவற்றைப் பாதிக்காத கிருமிகளும் இளையவற்றைக் கொன்றுவிடும். அங்கே அடைக்கோழி வழியாகப் பெருக்குவதே முறை. வனராஜா, கிராமப்பிரியா போன்றவை அடைக்கு அரிதாகவே படுக்கும் என்பதால், அவற்றை வாங்குபவர்கள் ஒன்றிரண்டு நாட்டுப் பெட்டைகளையும் அதே வயதில் சேர்த்து வாங்கிக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கு விளக்கும் வேண்டாம், பயணமும் வேண்டாம்.

குஞ்சுக்குச் சொல்லிவைக்க நினைப்பவர்கள் கார்த்திகையிலேயே சொல்லிவைப்பது நல்லது. தை மாதத்துக்கான ஒரு மாதக் குஞ்சு அப்போதுதான் முட்டைக்குள் இருக்கும். இனமும் கிடைக்கும் இடமும் பற்றித் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ விசாரிக்கலாம். வாங்கச் செல்லும்போது மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு மாலையில் செல்லுங்கள். வெயிலில் பேருந்தில் கொண்டுவராதீர்கள். வீடு சேர்ந்ததும் தீனிக்கு முன் கருப்பட்டி கரைத்த தண்ணீரை வையுங்கள். குடிக்காமல் ஒதுங்கி நிற்கும் குஞ்சை எடுத்து அலகை ஒருமுறை அதில் நனைத்துவிட்டால் அடுத்த முறை தானாகவே வந்து குடிக்கும்.